பழைய இம்பாலா மக்கர் செய்தால்: அறிகுறிவாரியாகப் பழுது நீக்கும் வழிமுறை

1965 முதல் 1970 வரை வந்த ஷெவ்ரலே பெல் ஏர், இம்பாலா, கேப்ரீஸ் எல்லாம் ஒரே குடும்பம். 119 அங்குல வீல்பேஸ், நான்கு சக்கரத்துக்கும் காயில் ஸ்பிரிங், பெரும்பாலானவற்றில் சின்ன பிளாக் வி-8 என்ஜின். என்னிடம் இருப்பது 1967 இம்பாலா. 327 கன அங்குல என்ஜின், குவாட்ராஜெட் கார்புரேட்டர், இரண்டே கியர் கொண்ட பவர்கிளைடு ஆட்டோமேட்டிக். ஹூஸ்டன் வெயிலில் பதினோரு ஆண்டுகளாக இதை நானே பார்த்துக்கொள்கிறேன். திரும்பத் திரும்ப வருவது ஏழெட்டுப் பழுதுகள்தான். அவற்றை எந்த வரிசையில் தேடுகிறேனோ அதே வரிசையில் கீழே எழுதியிருக்கிறேன். செலவில்லாத சோதனை முதலில், பணம் கேட்கும் வேலை கடைசியில்.

வேண்டியவை: மல்டிமீட்டர், டைமிங் லைட், வேக்குவம் கேஜ், எட்டியிருந்தே சூடு அளக்கும் தெர்மாமீட்டர், உங்கள் வண்டியின் ஆண்டுக்குரிய ஷாப் மேனுவல். இந்தக் கார் 1,600 கிலோவைத் தொடும். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். ஸ்டாண்டு வைத்து, வண்டியை ஒருமுறை உலுக்கிப் பார்த்த பிறகுதான் உள்ளே போக வேண்டும்.

அறிகுறி 1: குளிர்ந்திருக்கும்போது உடனே ஸ்டார்ட் ஆகிறது, சூடான பிறகு மறுக்கிறது

பெட்ரோல் போட நிறுத்திவிட்டு ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தால் வண்டி அசையாது. இதற்காகப் புது பேட்டரி, புது செல்ஃப் மோட்டார் என்று வாங்கிக் குவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சாவியைத் திருகும்போது செல்ஃப் எப்படிச் சுற்றுகிறது என்பதை வைத்து வழியைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

*செல்ஃப் மெதுவாகச் சுற்றுகிறது, அல்லது 'டக்' என்ற ஒலியோடு நின்றுவிடுகிறது*

பேட்டரி முனைகளைக் கழற்றிப் பளபளவென்று தேய்த்து மாட்டுங்கள். போதவில்லையென்றால் மல்டிமீட்டரை எடுங்கள். இக்னிஷன் காயிலின் (பிளக்குக்குத் தீப்பொறி கொடுப்பது) இணைப்பைக் கழற்றிவிட்டால் என்ஜின் பிடிக்காது, செல்ஃப் மட்டும் சுற்றும். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவ் கம்பத்திலும், மறு முனையைச் செல்ஃபில் தடித்த கேபிள் வந்து சேரும் போல்ட்டிலும் வைத்து, ஒருவரைச் சாவி திருகச் சொல்லுங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கேபிளிலேயே மின்சாரம் செத்துப்போகிறது என்று பொருள். அதேபோல் நெகட்டிவ் கம்பத்துக்கும் என்ஜின் பிளாக்குக்கும் இடையே அளந்து பாருங்கள். அங்கே 0.3 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் எர்த் கேபிளை மாற்றுங்கள். பெயின்ட் அடித்த பரப்பின் மேலேயே எர்த் முறுக்கப்பட்டிருப்பது, புதிதாக மெருகேற்றிய வண்டிகளில் அடிக்கடி காணும் தவறு. வண்டி சூடாக இருக்கும்போதுதான் இதைச் சோதிக்க வேண்டும். குளிர்ந்த வண்டியில் எல்லாமே சரியாகக் காட்டும்.

கேபிள்கள் நன்றாக இருந்தால் சொலினாய்டுக்கு (செல்ஃபின் மேலிருக்கும் மின்காந்த சுவிட்ச்) வரும் ஊதா நிற ஒயரைப் பாருங்கள். சாவியைத் திருகியிருக்கும்போது அதில் 10 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும். அந்த மின்சாரம் சாவி சுவிட்ச், நியூட்ரல் சுவிட்ச், என்ஜினையும் கேபினையும் பிரிக்கும் தீச்சுவரில் இருக்கும் பெரிய இணைப்பு என்று ஊரைச் சுற்றிக்கொண்டு வருகிறது. ஐம்பது வருடப் பச்சை பூத்த இணைப்புகள் வழியில் ஆளுக்குக் கொஞ்சம் தின்றுவிடும். இணைப்புகளைச் சுத்தம் செய்தும் தேறாவிட்டால், ஊதா ஒயர் ஒரு ரிலேயை மட்டும் இயக்கும்படி செய்து, சொலினாய்டுக்குப் பேட்டரியிலிருந்து நேரே மின்சாரம் கொடுங்கள். சில டாலர் வேலை, என் வண்டியில் நோயே தீர்ந்தது இதனால்தான்.

செல்ஃபுக்கும் எக்ஸாஸ்ட்டுக்கும் நடுவே இருந்த வெப்பத் தகட்டை முன்னால் வேலை பார்த்த யாரோ கழற்றி எறிந்திருப்பார்கள். திரும்ப மாட்டுங்கள். செல்ஃப் சுற்றும்போது என்ஜின் எதிர்த்து உதைத்தால் டைமிங் (தீப்பொறி விழும் நேரம்) அளவுக்கு மீறி முன்னேறியிருக்கிறது, அது செல்ஃபின் குற்றமே அல்ல.

இத்தனைக்கும் பிறகுதான் செல்ஃபை ஓவர்ஹால் செய்வதோ, கியர் வைத்த சிறிய செல்ஃபுக்கு மாறுவதோ. வாங்குவதற்கு முன் ஃபிளைவீலின் பற்களை எண்ணிக்கொள்ளுங்கள். 153 பல் என்றால் செல்ஃபின் இரண்டு போல்ட்டுகளும் நேர்வரிசையில் இருக்க வேண்டும், 168 பல் என்றால் ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாக. மாற்றி வாங்கினால் பல் பிடிக்காது. செல்ஃபைத் தாங்கும் போல்ட்டுகளும் தனி வகை, கழுத்தில் வரிவரியாக வெட்டியிருக்கும். சாதாரண போல்ட் போட்டால் செல்ஃப் நகர்ந்து, பற்களை அரைத்துவிடும். ஃபிளைவீலில் பல் உதிர்ந்திருந்தால் கியர்பாக்ஸை இறக்க வேண்டும். வீட்டில் லிஃப்ட் இல்லாதவர்கள் அந்த வேலையைப் பட்டறையிடம் கொடுங்கள்.

*செல்ஃப் வேகமாகச் சுற்றுகிறது, என்ஜின் பிடிக்கவில்லை*

ஏர் ஃபில்டரைக் கழற்றி, என்ஜின் நிற்கும்போதே கார்புரேட்டரின் தொண்டைக்குள் பாருங்கள். முகத்தை அருகில் கொண்டுபோகாதீர்கள்.

பெட்ரோல் தானாகச் சொட்டிக்கொண்டிருந்தால், கார்புரேட்டரின் கிண்ணத்தில் கொதித்து வழிகிறது. இப்போதைக்கு ஆக்சிலரேட்டரைத் தரையோடு அழுத்திப் பிடித்தபடி செல்ஃப் அடியுங்கள். காலை எடுத்து எடுத்து மிதிக்க வேண்டாம், மிதித்தால் இன்னும் கொட்டும். நிரந்தரத் தீர்வுக்கு மூன்று இடங்களைப் பாருங்கள். பெட்ரோல் குழாய் என்ஜினைத் தொட்டுக்கொண்டு ஓடுகிறதா? கார்புரேட்டருக்கு அடியில் தடித்த வெப்பத்தடுப்பு கேஸ்கெட் இருக்கிறதா? எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் வாயில் இருக்கும் வெப்ப வால்வு திறந்து மூடுகிறதா? மூன்றாவதைப் பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. அந்த வால்வு துருப்பிடித்து மூடியபடியே நின்றுவிட்டால், அந்தப் பக்கத்து எக்ஸாஸ்ட் புகை கார்புரேட்டருக்கு அடியில் இருக்கும் வழியில் பாய்ந்து, அதை அடுப்பில் வைத்த பாத்திரமாக்கிவிடும். வண்டி ஆறியிருக்கும்போது கையால் ஆட்டிப் பாருங்கள், லேசாக அசைய வேண்டும். இன்று பம்பில் கிடைக்கும் 10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் எளிதில் ஆவியாவதால் இந்தக் கோளாறு முன்பைவிட அதிகமாகத் தலைகாட்டுகிறது.

ஆக்சிலரேட்டரை அசைத்தும் தொண்டைக்குள் பெட்ரோல் பீறிடவில்லையென்றால் கிண்ணம் காலி. ஃபில்டர், டாங்கிலிருந்து வரும் ரப்பர் குழாய், பெட்ரோல் பம்ப் என்ற வரிசையில் பாருங்கள். (சூட்டில் அல்லாமல், இரவு முழுதும் நின்ற பிறகு காலையில்தான் நெடுநேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கிறது என்றால், குவாட்ராஜெட்டின் அடிப்பகுதி அடைப்பான்கள் கசிகின்றனவா என்று பாருங்கள். கார்புரேட்டரைக் கழற்றி எபாக்ஸி வைத்து அடைக்கலாம்.)

பெட்ரோல் பீறிடுகிறது, தீப்பொறி இல்லை அல்லது மஞ்சளாக நோஞ்சானாக இருக்கிறது என்றால் முதலில் கண்டன்சர் (டிஸ்ட்ரிபியூட்டரில் இருக்கும் சிறு மின்தேக்கி). சூட்டில் மட்டும் சாகும் கண்டன்சர்கள் உண்டு, புதியவை பழையவற்றைவிட மோசமாக இருப்பதும் உண்டு. நன்றாக ஓடும் பழைய கண்டன்சர் ஒன்றை நான் டேஷ்போர்டு அறையிலேயே வைத்திருக்கிறேன். அடுத்து, காயிலின் மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பாயின்ட். அதைச் சரிசெய்ய டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் ஒரு சிறு ஜன்னல் இருக்கும். என்ஜின் ஓடும்போதே ஆலன் சாவியை அதில் நுழைத்து, மிஸ்ஸிங் வரும்வரை வலப்புறம் திருகி, அங்கிருந்து அரைச் சுற்று பின்னால் கொண்டுவாருங்கள். பாயின்ட் மூடியிருக்கும் கோணத்தை அளக்கும் டுவெல் மீட்டரில் 30 டிகிரி காட்டும்.

*செல்ஃப் அடிக்கும்போது பிடிக்கிறது, சாவியை விட்டதும் அணைகிறது*

இது ஒரே இடத்தைக் காட்டும் அறிகுறி. ஓடும்போது காயிலுக்கு மின்சாரம் கொடுக்கும் தடை ஒயர் அறுந்திருக்கிறது. அதே தடை ஒயரால்தான், 1975 முதல் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் பரவலாக வந்த எச்.இ.ஐ. (பாயின்ட் இல்லாத மின்னணு வகை) டிஸ்ட்ரிபியூட்டரை வாங்கி மாட்டுபவர்கள் ஏமாந்துபோகிறார்கள். அதற்கு முழு 12 வோல்ட் வேண்டும். பழைய ஒயரையே இணைத்தால் வேகத்தில் மிஸ்ஸிங் அடிக்கும். ஃபியூஸ் பெட்டியிலிருந்து புது ஒயர் இழுத்த பிறகுதான் அது மேம்பாடு.

அறிகுறி 2: என்ஜின் கொதிக்கிறது

சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். முதலில் தெர்மோஸ்டாட் மூடியின் மேல் சூடளக்கும் தெர்மாமீட்டரைக் காட்டி, உண்மையிலேயே சூடா அல்லது சென்சார் பொய் சொல்கிறதா என்று உறுதிசெய்யுங்கள்.

*நெரிசலில் மட்டும் ஏறுகிறது, ஓடினால் இறங்குகிறது*

காற்றுப் பிரச்சினை. ஃபேனைச் சுற்றியிருக்க வேண்டிய கூடு இருக்கிறதா என்று பாருங்கள். ஃபேன் கிளட்ச் இருந்தால், சூடான என்ஜினை நிறுத்திவிட்டு ஃபேனைக் கையால் சுழற்றுங்கள். கனமாக இழுத்து நிற்க வேண்டும். காற்றாடி போல ஓடினாலோ நடுவில் எண்ணெய் கசிந்திருந்தாலோ மாற்றுங்கள்.

அடுத்தது டைமிங். வேக்குவம் அட்வான்ஸ் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு டைமிங் லைட்டைப் பிடியுங்கள். பிறகு குழாயை மறக்காமல் மாட்டுங்கள். இங்கே எனக்கு ஒரு கோடை முழுவதும் வீணாயிற்று. டைமிங் மேனுவலில் உள்ளபடியே இருந்தது, வண்டி கொதித்தது. ஒரு பட்டறை ரேடியேட்டரை மாற்றச் சொன்னது, மாற்றினேன். இன்னொரு பட்டறை வாட்டர் பம்ப் என்றது, அதையும் மாற்றினேன். கடைசியில் கிராங்க் முனையில் இருக்கும் பேலன்சரின் வெளி வளையம்தான் நகர்ந்திருந்தது. உள் வளையத்துக்கும் வெளி வளையத்துக்கும் நடுவே இருக்கும் ரப்பர் கிழடாகிவிட்டால் வெளி வளையம் வழுக்கும். குறி அதில்தான் வெட்டப்பட்டிருக்கிறது. குறியே பொய் என்றால் லைட் என்ன செய்யும்? ஆகவே டைமிங்கைத் தொடும் முன் இதைச் சோதியுங்கள். முதல் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி, பிஸ்டனைத் தடுக்கும் போல்ட்டைத் திருகுங்கள். கிராங்கைக் கையால் ஒரு திசையில் முட்டும்வரை திருப்பிக் குறியிடுங்கள், எதிர்த்திசையிலும் முட்டும்வரை திருப்பிக் குறியிடுங்கள். இரண்டுக்கும் நடுப்புள்ளிதான் உண்மையான உச்சி. பேலன்சரின் குறி அங்கே இல்லையென்றால் பேலன்சரை மாற்றுங்கள். அதை உருவவும் ஏற்றவும் தனிக் கருவி உண்டு, சுத்தியலால் அடிக்காதீர்கள்.

*நெடுஞ்சாலையில் ஏறுகிறது*

தண்ணீர் ஓட்டம். பெல்ட் வழுக்குகிறதா பாருங்கள். வண்டியை நிறுத்தி வைத்து என்ஜினை வேகப்படுத்தும்போது கீழ் ஹோஸ் உறிஞ்சப்பட்டுத் தட்டையாகிறதா என்று பாருங்கள். தட்டையானால் உள்ளே இருக்க வேண்டிய ஸ்பிரிங் இல்லை. ரேடியேட்டரின் முகத்தில் தெர்மாமீட்டரை ஓட்டும்போது திடீரெனக் குளிர்ந்த பட்டை தெரிந்தால் அங்கே குழாய்கள் அடைத்திருக்கின்றன. பழைய பித்தளை ரேடியேட்டரைத் தூக்கி எறியாமல், ரேடியேட்டர் கடையில் கொடுத்து உள்மையத்தை மாற்றி வாங்குவதே என் விருப்பம். தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கிவிட்டு ஓட்டும் பழக்கத்தை நான் ஏற்பதில்லை. 180 டிகிரி ஃபாரன்ஹீட் தெர்மோஸ்டாட்டைக் கொதிநீரில் போட்டுத் திறக்கிறதா என்று பார்த்து, திரும்பப் பொருத்துங்கள்.

குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்ததுமே ரேடியேட்டர் வாயில் விடாமல் குமிழ் வந்தால், என்ஜினின் எரிபுகையைக் கண்டறியும் நீலத் திரவத்தால் சோதியுங்கள். அது மஞ்சளானால் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. அங்கே நிறுத்துங்கள். ஹெட்டைச் சமன்படுத்த மெஷின் ஷாப் வேண்டும்.

அறிகுறி 3: ஆக்சிலரேட்டரை மிதித்தால் 'டொம்' என்று அடியிலிருந்து அடி விழுகிறது

இதை அலட்சியம் செய்யாதீர்கள். யு-ஜாயின்ட் (கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் தண்டின் மூட்டு) தேய்மானம் என்றே எல்லோரும் தொடங்குகிறார்கள். நான் என்ஜினை ஃபிரேமில் தாங்கும் இடதுபக்க மவுன்ட்டிலிருந்து தொடங்குகிறேன். அந்தக் காலத்து மவுன்ட்டில் இரண்டு இரும்புத் துண்டுகளைப் பிடித்துக்கொண்டிருப்பது ரப்பர் மட்டும். ரப்பர் பிரிந்துவிட்டால், வேகமெடுக்கும்போது என்ஜினின் இடதுபக்கம் எழும்பி ஆக்சிலரேட்டர் இணைப்பை இழுத்துக்கொண்டு போகும். காலை எடுத்தாலும் வேகம் குறையாது. பிரேக் பூஸ்டரின் வேக்குவம் குழாயும் பிடுங்கிக்கொள்ளலாம். இதற்காகவே 1971 டிசம்பரில், 1965–69 ஆண்டுகளின் பெரிய ஷெவ்ரலேக்களையும் சேர்த்துச் சுமார் 67 லட்சம் வண்டிகளை ஜெனரல் மோட்டார்ஸ் திரும்ப அழைத்தது. மவுன்ட்டை மாற்றவில்லை, என்ஜின் எழும்பாமல் பிடிக்கும் ஒரு கேபிளைக் கட்டிக் கொடுத்தார்கள். உங்கள் வண்டியில் அந்தக் கேபிள் இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். என்ஜின் வேலைக்காகக் கழற்றியவர்கள் பலர் திரும்ப மாட்டுவதில்லை.

சோதனை: என்ஜினை நிறுத்தி, பிளாக்குக்கும் ஃபிரேமுக்கும் இடையே கடப்பாரை முனையை வைத்து மெதுவாக நெம்புங்கள். ரப்பர் வாய் பிளந்தால் மவுன்ட் போய்விட்டது. ரப்பர் பிரிந்தாலும் இரும்போடு இரும்பு கொக்கி போட்டுப் பிடித்துக்கொள்ளும் வகை மவுன்ட்டுகள் இப்போது கிடைக்கின்றன. அதையே வாங்குங்கள், இரண்டு பக்கமும் ஒன்றாக மாற்றுங்கள். இந்த மொத்த வண்டியிலும் செலவிட்ட பணத்துக்கு இவ்வளவு பாதுகாப்பு தரும் பாகம் வேறில்லை.

ஓடும்போதே ஆக்சிலரேட்டர் சிக்கிக்கொண்டால்: கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, பிரேக்கை ஒரே அழுத்தாக மிதித்து, ஓரம் கட்டிய பிறகு சாவியை அணையுங்கள். 1969 முதல் வந்த வண்டிகளில் சாவியோடு ஸ்டியரிங்கும் பூட்டிக்கொள்ளும், ஆகவே ஓடும்போது சாவியை முழுவதும் திருப்பக் கூடாது.

மவுன்ட் நன்றாக இருந்தால் கியர்பாக்ஸ் மவுன்ட், யு-ஜாயின்ட், பின் அச்சைப் பிடிக்கும் கைகளின் புஷ் என்று பின்னால் போங்கள். டிஃபரன்ஷியலுக்குள் தேய்மானம் என்றால் வல்லுநர்தான் திறக்க வேண்டும்.

அறிகுறி 4: பிரேக் ஒரு பக்கம் இழுக்கிறது, அல்லது பெடல் கீழே போகிறது

பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். காற்றடித்து ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள்.

இழுத்தால்: டிரம்மைத் திறந்து, வீல் சிலிண்டர் கசிந்து லைனிங்கில் எண்ணெய் பட்டிருக்கிறதா பாருங்கள். தானாகச் சரிசெய்துகொள்ளும் அட்ஜஸ்டர்கள் வலது, இடது என்று தனித்தனி. மாற்றிப் பொருத்தினால் இறுக வேண்டியது தளரும். இரண்டும் சரியென்றால் ரப்பர் ஹோஸ். வெளியே புதிதுபோல் இருந்தாலும் உள்ளே வீங்கியிருக்கும். எண்ணெய் போகும், திரும்பி வராது, அந்தச் சக்கரம் மட்டும் பிடித்தபடியே சூடாகும். ப்ளீடிங் நிப்பிளைத் திறந்ததும் சக்கரம் விடுபட்டால் குற்றவாளி ஹோஸ்தான்.

பெடல் அமுங்கிக்கொண்டே போனால்: வெளியே கசிவு எங்கும் இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டர். 1967 முதல் இரட்டை மாஸ்டர் சிலிண்டர் (முன், பின் பிரேக்குகளுக்குத் தனித்தனி அறை) வந்துவிட்டது. 1965, 66 வண்டி வைத்திருப்பவர்கள் முதலில் செய்ய வேண்டிய மேம்பாடு அதுதான், டிஸ்க் பிரேக் அல்ல.

டிஸ்க்குக்கு மாறுபவர்களுக்கு: டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டரை அப்படியே விட்டால் அதன் வால்வு குழாயில் அழுத்தத்தைத் தேக்கி வைத்து, டிஸ்க்கை எப்போதும் உரச வைக்கும். மாஸ்டர் சிலிண்டரும் முன்பின் அழுத்தத்தைப் பங்கிடும் வால்வும் சேர்ந்தே மாற வேண்டும். பழைய 14 அங்குல வீல் சில கேலிப்பர்களில் இடிக்கும் என்பதால் அளந்து வாங்குங்கள். இரும்புப் பிரேக் குழாயை வளைத்து முனை விரிக்கும் பழக்கமில்லாதவர்கள் இந்த வேலையைப் பட்டறையிடம் விடுங்கள்.

அறிகுறி 5: வெள்ளைப் புகை, கியர் ஆயில் குறைகிறது, ஆனால் தரையில் ஒரு சொட்டும் இல்லை

ஹெட் கேஸ்கெட் என்று பயந்துவிடாதீர்கள். என்ஜினின் வேக்குவத்தைக் கொண்டு கியர் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் பவர்கிளைடின் வேக்குவம் மாடுலேட்டரில் இருக்கும் மெல்லிய சவ்வு கிழிந்தால், என்ஜினே கியர் ஆயிலை உறிஞ்சி எரிக்கும். மாடுலேட்டரில் செருகியிருக்கும் ரப்பர் குழாயைக் கழற்றுங்கள். உள்ளே சிவப்பு எண்ணெய் இருந்தால் முடிந்தது கதை, புது மாடுலேட்டர் அரை மணி நேர வேலை. குழாய் வறண்டிருந்தும் கியர் உதைத்து விழுந்தால், குழாயில் வெடிப்பு இருக்கிறது.

கியர் மாறும் நேரம் தப்பாக இருந்தால் கார்புரேட்டரிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் தண்டைப் பாருங்கள். வேறு கார்புரேட்டர் மாட்டியவர்கள் அதைத் தளரவிட்டிருப்பார்கள். அப்படியே ஓட்டினால் கிளட்ச் தட்டுகள் கருகும். ஆயில் பழுப்பாகி, கருகிய வாடை வந்துவிட்டால் நீங்கள் செய்வதற்கு ஒன்றுமில்லை, கியர்பாக்ஸ் வல்லுநரிடம் போக வேண்டும்.

அறிகுறி 6: வண்டி இழுக்கவில்லை, டைமிங் ஒரு இடத்தில் நிற்கவில்லை

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, கிராங்க் போல்ட்டை ஸ்பேனரால் ஒரு திசையில் சிறிது திருப்புங்கள். பிறகு எதிர்த்திசையில், ரோட்டர் அசையத் தொடங்கும்வரை திருப்பி, அதற்குள் பேலன்சர் எத்தனை டிகிரி நகர்ந்தது என்று பாருங்கள். 10 டிகிரிக்கு அருகில் வந்தால் டைமிங் செயின் தொங்கிவிட்டது. இந்த என்ஜின்களில் பலவற்றின் கேம் கியர் பற்களுக்கு நைலான் பூசியிருந்தார்கள். அது உடைந்து ஆயில் பேனில் விழுந்து, ஆயில் பம்பின் உறிஞ்சுவாயை அடைக்கும். ஆகவே செயினையும் முழு இரும்புக் கியரையும் மாற்றும்போது பேனையும் இறக்கிச் சுத்தம் செய்யுங்கள்.

அறிகுறி 7: நேராகப் போகாமல் அலைகிறது

ஸ்டியரிங் பெட்டியின் மேலிருக்கும் திருகை இறுக்கிப் பிளேயைக் குறைக்கும் ஆசையை அடக்குங்கள். இறுக்கினால் நடுவில் சிக்கும், பெட்டி கெடும். ஒருவரை ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் ஆட்டச் சொல்லி, கீழே படுத்து ஒவ்வொரு மூட்டாகப் பாருங்கள். தண்டு பெட்டியில் சேரும் இடத்தில் துணி கலந்த ரப்பர் இணைப்பு, அடுத்து ஐட்லர் ஆர்ம், டை ராடு முனைகள், பால் ஜாயின்ட். எனக்குத் தெரிந்து ஐந்தில் மூன்று வண்டிகளில் ஐட்லர் ஆர்ம்தான். கிரீஸ் நிப்பிள் உள்ள எல்லா இடத்திலும் புது கிரீஸ் வெளிவரும்வரை அடியுங்கள்.

எல்லாம் இறுக்கமாக இருந்தும் அலைந்தால் வீல் அலைன்மென்ட். மேனுவலில் உள்ள அளவுகள் அக்காலத்துப் பயஸ் டயர்களுக்கு எழுதியவை. நீங்கள் ஓட்டுவது ரேடியல் டயரில். கேஸ்டரை (முன்சக்கரம் திரும்பும் அச்சின் முன்பின் சாய்வு) மேனுவலில் உள்ளதைவிடப் பாசிட்டிவ் பக்கம் அதிகமாக வைக்கச் சொல்லுங்கள். பழைய வண்டிகளில் பழகிய மூத்த மெக்கானிக் இருக்கும் கடையைத் தேடிப் போங்கள்.